ஆனையிறவு வெளியில் ஒரு பல்லி

என் சின்னம்மாவைப் போலப் பல்லி சொல்ல ஒருவராலும் முடியாது. அம்மாவின் ஒரே தங்கை அவர். நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி, உதட்டை அசைக்காமல் நாலு தரம் தட்டினால் சுவரில் இருக்கிற பல்லி பதில் சொல்லும். பல தடவை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். குயில், அணில், செண்பகப் பறவை, தாயைத் தேடுகிற ஆட்டுக்குட்டி, எண்ணெய் விடாத வண்டில் சில்லு என்று எல்லாச் சத்தமும் அவருக்கு வரும். ஆனாலும் பல்லிக்கு நிகர் பல்லிதான். அதை எனக்குப் பழக்கித் தந்ததும் அவர்தான். அவர் செய்த பிழை அந்த ஒன்றுதான் என்று வேண்டுமானால் சொல்லலாம். மிச்சப் பிழை முழுவதும் என்னுடையது.

இதெல்லாம் எதற்காகப் பழகினார் என்பதைச் சொல்லவேண்டும். எங்களுக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஐயாவின் தமையன் முல்லைத்தீவில் குடியிருந்தபடியால், வருடத்தில் இரண்டு மூன்று தடவை வாடகைக்குக் கார் பிடித்து அங்கே போவோம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்திய கதை இது. அந்தக் கார் துணிக்கூரை போட்டது. வெயிலில் துணியும் பெற்றோலும் சேர்ந்து மணக்கிற மணத்துக்கு நாவற்குழிப் பாலம் தாண்டுமுன்னரே என் தங்கச்சி சத்தி எடுப்பாள். அவளுக்கு மூன்று வயது, எனக்கு ஏழு. நான் சத்தி எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, "எப்ப வரும், எப்ப வரும்" என்று மைலுக்கு ஒரு தடவை கேட்பேன். ஐயாவுக்கோ சத்தம் ஆகாது. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது கூடக் கூலிக்காரர் பாட்டுப் படிக்கக்கூடாது என்கிற மனிதர். அம்மா காரில் ஏறியதும் தேசிக்காயை மூக்கில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவா. ஆகவே எங்களைச் சத்தமில்லாமல் வைத்திருக்கும் உத்தியோகம் சின்னம்மாவுடையது.

அதை அவர் எப்படிச் செய்வார் தெரியுமா? எதிரில் வருகிற வண்டில்களில் வெள்ளை மாடு பூட்டியது எனக்கு, சிவத்த மாடு பூட்டியது தங்கச்சிக்கு. சாவகச்சேரிச் சந்தைக்கு முன் யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. தங்கச்சி தோற்கப் போகிறாள் என்று தெரிந்தால், மண்ணிற மாட்டையும் சிவப்பில் சேர்த்துக்கொள்வார். நான் நியாயம் கேட்டால் இடுப்பில் மெல்லக் கிள்ளுவார். முகம் துடைக்கிற லேஞ்சியை முடிந்து எலி செய்து அதைத் தன் முழங்கையில் ஓடவிடுவார். நொடி போட்டு விடை கேட்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் சத்தங்கள். நாங்கள் கண்ணை மூடவேண்டும், அவர் சத்தம் தருவார், என்னவென்று சொல்லவேண்டும். இப்போது நினைத்தால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. இத்தனை பயணத்திலும் அவர் ஒரு தடவையாவது ஓரத்து இடத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நடுவில் இருப்பார். இரண்டு பக்கமும் நாங்கள்.

பல்லி மட்டும் காரில் கிடையாது. அதை வீட்டில், கிணற்றடியில், எங்கள் மூன்று பேருக்குள்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய கட்டளை. "பெரியாக்களுக்கு முன்னாலை பல்லி சொல்லக்கூடாது, ராசா. அதுகள் அதைச் சாத்திரமாக எடுத்துப்போடும். விளங்குதோ?" என்று சொல்வார். ஓம் என்று தலையாட்டுவேன். விளங்கவில்லை. ஐயா படலையைத் திறக்கும் நேரத்தில் பல்லி சொன்னால் திரும்பி வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தண்ணீர் குடிப்பதில் என்ன கெடுதல் இருக்கிறது?

சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்கு இரண்டு பிள்ளைகள் இடுப்பில் இருக்கவேண்டும். அவருக்கு முதலில் பேசிய இடம் சாதகம் பொருந்தாமல் போயிற்று. இரண்டாவது இடத்தில் எல்லாம் பொருந்தி, நாள் வைக்கப்போகிற சமயத்தில் மாப்பிள்ளை மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டார். கப்பல் கூடத் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் ஒருவரும் வந்து கேட்கவில்லை. கோயிலுக்குப் போனால் ஊர்ப் பெண்கள் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அம்மா இரவில் ஐயாவோடு கதைக்கும்போது, "என்ரை தங்கச்சி இப்பிடியே இருந்திடுவாளோ" என்று மூக்கை உறிஞ்சுவதை நான் பாயில் கிடந்து கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் வவுனியா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்குத் தகப்பன் இல்லை. தகப்பனின் தமையனார் சாவகச்சேரியில் இருந்தார், அவர்தான் வளர்த்து ஆளாக்கியவர். அவரைப் பெரியவர் என்று சொல்லிக்கொள்கிறேன், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். பெரியவர் லீவில் வந்த மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வாழைக்குட்டி வாங்குகிற சாட்டில் ஒரு நாள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மாப்பிள்ளை உயரமான மனிதர், கண்ணாடி போட்டவர், கதைப்பது குறைவு. கிணற்றடிப் பக்கமாக ஒரு குயில் கூவியது. "இதென்ன, மார்கழியிலை குயில் கூவுது?" என்று அவர் கேட்டார். எங்கள் தங்கச்சிக்கு வாய் நிற்குமா? "அது சின்னம்மா!" என்று காட்டிக்கொடுத்தாள். சின்னம்மா முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் ஓடியதையும், மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்ததையும் நான் பார்த்தேன். போகும்போது மெதுவாக என்னிடம், "உம்முடைய சின்னம்மா வேறை என்ன என்ன சத்தம் போடுவா?" என்று கேட்டார். நான் முழுப்பட்டியலும் ஒப்பித்தேன்.

அதன் பிறகு சின்னம்மா வேறு ஆள். சீப்பால் தலை இழுக்கும்போது தானாகச் சிரிப்பார். மெல்லிய நீல நிறத்தில் ஒரு சட்டை தைத்தார். கையைத் தைத்துப் பிரித்து, திரும்பத் தைத்தார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். "சின்னம்மா, உங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டதற்கு, "சும்மா கிட, குரங்கு" என்று தலையில் குட்டினார். குட்டு வலிக்கவே இல்லை.

ஒரு தடைதான் மிச்சம். மாப்பிள்ளையின் தாயார் வாதத்தில் விழுந்து வவுனியாவில் மகனோடு இருந்தார். அவரால் பயணம் செய்ய முடியாது. பெண்ணைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் காட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே பெரியவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறோம். போகிற வழியில் பெரியவரையும் ஏற்றிக்கொள்கிறோம். இவ்வளவு தூரம் வந்ததுக்கு அப்படியே வவுனியாவிலும் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறோம். முறிகண்டியிலிருந்து வவுனியா இன்னும் நாற்பது மைல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

விடியற்காலையில் புறப்பட்டோம். காரின் பின்னால் ஒரு கப்பல் இன வாழைக்குலை, வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்தது. சின்னம்மா நீலச் சட்டையும் அம்மாவின் கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையும். படலையடியில் அம்மா எல்லோரையும் நிறுத்தி, நல்ல சகுனத்துக்காகக் காத்திருந்தா. தண்ணீர்க் குடத்தோடு ஒரு சுமங்கலி எதிரே வந்தா. தற்செயலாக அல்ல, அம்மாதான் முதல் நாளே சொல்லி வைத்திருந்தவ. அடுத்த வீட்டுக்காரி அவ. கிணற்றுக்கும் வேலிக்கும் இடையில் நின்று, கார் சத்தம் கேட்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

சாவகச்சேரியில் பெரியவர் ஏறினார். பட்டுச் சால்வை, சந்தனப் பொட்டு, கையில் சுருட்டிய பஞ்சாங்கம். முன் ஆசனத்தில் றைவருக்குப் பக்கத்தில் ஐயா ஒடுங்கிக்கொள்ள, பெரியவர் ஓரத்தில் விசாலமாக இருந்தார். அவர் ஏறுமுன் ஐயா பின்னால் திரும்பி எனக்கு ஒரு பார்வை விட்டார். அந்தப் பார்வைக்குப் பூவரசந்தடி என்று பொருள். முந்திய மாதம் வாழைக்குருத்து ஒன்றை முறித்ததற்காக அந்தத் தடி என் கெண்டைக்காலில் எழுதிய எழுத்து அப்போதுதான் மங்கியிருந்தது.

"இனி வண்டில் எண்ணுறதில்லை" என்று சின்னம்மா எங்கள் இருவர் காதிலும் மெதுவாகச் சொன்னார். "இப்ப ஒரு புது விளையாட்டு. வாய் திறக்காத விளையாட்டு. ஆர் முதல் வாய் திறக்கினமோ அவை தோத்தவை. வவுனியா மட்டும் திறக்காட்டி வெண்டவை."

"வெண்டா என்ன தருவியள்?"

"உனக்கு என்ன வேணும்?"

நான் யோசித்தேன். "கலியாணம் முடிஞ்சு போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினார். "ஓம், பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டுபோவன். இனி வாயை மூடு. தொடங்கியாச்சு."

வாயை மூடினேன். கொடிகாமம் போயிற்று, பளையும் போயிற்று. தென்னைகள் முடிந்து வெளி தொடங்கியது. தங்கச்சி ஆச்சரியமாக அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சின்னம்மாவின் மடியில் இருந்து, உதட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூன்று வயதுக்காரி என்னோடு சரிசமமாக நிற்பதாவது! அவளை எப்படியாவது பேச வைக்கவேண்டும். மூக்கைச் சுளித்துப் பார்த்தேன். நாக்கை மடித்துக் காட்டினேன். ஊஹூம்.

ஆனையிறவுப் பாலம் கடந்து சிறிது தூரம் போனதும் மாட்டு மந்தை ஒன்று தெருவைக் கடந்தது. றைவர் காரை நிறுத்துகிற மாதிரி மெதுவாக்கினார். இரண்டு பக்கமும் வெயிலில் காய்ந்த உப்பு வெளி, தூரத்தில் தண்ணீர், ஒரு மரமில்லை, ஒரு வீடில்லை. பெரியவர் அந்த அமைதியைப் பார்த்தோ என்னவோ, ஆசனத்தில் பாதி திரும்பி, கையைப் பின்னால் போட்டு அம்மாவிடம் பேச்செடுத்தார்.

"இஞ்சை பார், பிள்ளை. தாய்க்காரி ஒருக்கால் கண்ணாலை பாத்திட்டா ஆவணியிலை நாள் வைப்பம். பெடியனுக்கும் சரியான விருப்பம். இனி எங்கடை பக்கத்திலை ஒரு தடையும்..."

சரியாக அந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. பல்லி சொல்ல வாய் திறக்கத் தேவையில்லையே! தங்கச்சியின் காதருகே சாய்ந்து, உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு, நாலு தரம் தட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அது அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"...தடையும்" என்ற சொல்லோடு பெரியவரின் வாய் நின்றுபோயிற்று.

"நிப்பாட்டு, தம்பி. காரை நிப்பாட்டு."

தங்கச்சி அதே நேரம் தோற்றுப்போனாள். "பல்லி! பல்லி!" என்று கத்திச் சிரித்துக்கொண்டு என் பக்கமாகக் கையை நீட்டினாள். அவள் காட்டியது என்னைத்தான். பெரியவர் பார்த்தது எனக்குப் பின்னால் இருந்த கூரைத்துணியின் மடிப்பை. "பாத்தியளோ, பால்குடி மறக்காத பிள்ளை காட்டுது. குழந்தை பொய் சொல்லாது" என்று அவர் காரைவிட்டு இறங்கினார். ஐயாவும் இறங்கினார், றைவரும் இறங்கினார், அம்மாவும் தேசிக்காயோடு இறங்கினா. தெருவில் நான்கு பேரும் நின்று காருக்குள் பல்லி தேடினார்கள்.

றைவருக்குத்தான் ரோசம். "என்ரை காருக்கை பல்லியோ? நேத்துத்தான் கழுவித் துடைச்சனான்" என்று கூரையின் ஒவ்வொரு மடிப்பையும் உதறிக் காட்டினார். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. பஞ்சாங்கத்தை விரித்துத் திசை பார்க்கத் தொடங்கினார். வீட்டில் என்றால் சுவர் நிற்கிற இடத்தில் நிற்கும். இது கார். கார் தெற்கே போய்க்கொண்டிருந்தது, ஆனால் மாட்டுக்காகச் சற்று வளைத்து நிறுத்தியிருந்தார்கள். சத்தம் பின் மூலையில். ஆனால் அந்த நேரம் பெரியவரின் முகமும் பின்னால். அப்படியானால் அது அவருக்கு முன்னாலா, பின்னாலா? ஐயா எப்படியோ அது நல்ல திசை என்று நிறுவப் பார்த்தார். காரின் முகத்தை வைத்துப் பார்த்தால் லாபம், ஆளின் முகத்தை வைத்துப் பார்த்தால் கேடு. சுடுகிற வெயிலுக்குள் நின்று இரண்டு பெரிய மனிதர்கள் கையை நீட்டி நீட்டித் திசை அளந்தது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

காருக்குள் சின்னம்மாவும் தங்கச்சியும் நானும் மட்டும். சின்னம்மா முன்னால் பார்த்தபடி அசையாமல் இருந்தார். பிறகு தலையைத் திருப்பாமல், மூச்சுக்குள்ளே கேட்டார். "நீயோ, ராசா?"

விளையாட்டு இன்னும் முடியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். என்னை வாய் திறக்க வைத்துத் தோற்கடிக்கப் பார்க்கிறார் என்று எண்ணி உதட்டை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டேன். கெட்டித்தனம்!

அது கூடப் பரவாயில்லை. அறியாத பிள்ளை என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். பிறகு நடந்ததற்குத்தான் சாட்டு இல்லை. பெரியவர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு யோசித்தார். அவருக்கே மனம் ஒப்பவில்லைப் போலும். காரின் வாசலில் குனிந்து என்னைப் பார்த்து, வெகு அன்பாக, "தம்பி, நீர் ஏதும் சத்தம் போட்டனீரோ? சொல்லும், ஒருதரும் ஏசமாட்டினம்" என்றார். இப்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவருடைய தோளுக்கு மேலாக ஐயாவின் முகம் தெரிந்தது. "என்ரை பிள்ளையள் அப்பிடியான சேட்டை விடாதுகள்" என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் எனக்குத் தானாகச் சிலிர்த்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

பெரியவர் என்னிடமிருந்து கண்ணை எடுத்துச் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் உதடு பிரிந்தது. பிறகு குனிந்து தங்கச்சியின் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே பூட்டித்தான் இருந்தது.

பெரியவர் தெருவோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவருக்குக் குரல் மாறியிருந்தது. "என்ரை மூத்தவளின்ரை கலியாண எழுத்துக்குப் போகேக்கையும் உதுதான் சொன்னது. கேட்டும் கேளாத மாதிரிப் போனனான். பத்து மாதம் கழியேல்லை. இப்ப வெள்ளைச் சீலையோடை வந்து வீட்டிலை நிக்கிறாள். நான் எப்பிடி, எப்பிடி இன்னொருக்கால்..." என்று ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "குறை நினையாதையுங்கோ. காரைத் திருப்பச் சொல்லுங்கோ."

ஐயா றைவருக்குக் கையைக் காட்டினார். அம்மா தெருவிலேயே அழத் தொடங்கிவிட்டா. நான் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். கோபக்காரரின் முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. ஒரு கிழவர் என்னைப் போலவே பயந்துபோய் நிற்கிறார் என்பது எனக்குப் படவில்லை. பெரியவர்கள் பயப்படுவார்கள் என்றே அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

திரும்பி வந்த பயணத்தைத்தான் நான் மறக்கவேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். அதே காரில், அதே ஆசனங்களில், அதே பெரியவரோடு பளை, கொடிகாமம், சாவகச்சேரி. அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டா. தங்கச்சிக்கு வெயிலும் பசியும் சேர்ந்து அழுகை வந்தது. ஐயாவின் தோள் ஒரு தடவை அசைந்தது. உடனே சின்னம்மா லேஞ்சியை எடுத்து முடிந்து எலி செய்தார். அந்த எலி அவர் முழங்கையில் ஓடிற்று, தங்கச்சியின் வயிற்றில் ஏறிற்று, கழுத்தில் ஒளிந்தது. தங்கச்சி சிரித்தாள். எலி திரும்பவும் ஓடிற்று. சாவகச்சேரி வரும்வரைக்கும் அது நிற்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. நான் மற்றப் பக்கம் திரும்பி, எதிரில் வந்த வண்டில்களை எண்ணினேன். அன்றைக்கு வெள்ளை மாடுதான் அதிகம்.

இறங்கும்போது பெரியவர் பின் ஆசனத்துக்கு வந்து, "பிள்ளை, என்னிலை கோவியாதை" என்றார். சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினார். வாழைக்குலையை ஐயா எவ்வளவோ வற்புறுத்தியும் பெரியவர் வாங்கவில்லை. அது எங்கள் வீட்டுக் கூரை வளையில் தொங்கிப் பழுத்தது. நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளையிடமிருந்து ஐயாவுக்கு ஒரு கடிதம் வந்ததாம். அதில் என்ன இருந்ததென்று சின்னம்மாவுக்கு ஒருவரும் படித்துக் காட்டவில்லை. வளர்த்தவரின் சொல்லைத் தட்ட அவரால் முடியவில்லைப் போலும். அடுத்த தையில் அவருக்குக் கொடிகாமத்தில் கலியாணம் நடந்தது. சின்னம்மாவுக்கு அதன் பிறகு வேறு இடம் அமையவில்லை. ஆனையிறவில் பல்லி சொல்லித் திரும்பி வந்த பெண் என்ற கதை எங்களுக்கு முன்னால் ஓடிப் பரவிவிட்டிருந்தது. நீலச் சட்டை என்னவாயிற்று என்று தெரியாது. கார்ப் பயணம் மட்டும் அவருக்குக் குறையவில்லை. எங்கள் சொந்தத்தில் யார் எங்கே பயணம் போனாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். "சின்னம்மா வந்தா பிள்ளையள் சத்தம் போடாதுகள்" என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவரும் ஒரு தடவையாவது வரமாட்டேன் என்றதில்லை. யார் யாருடைய பிள்ளைகளையோ இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்து போய் வந்தார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் கொழும்பில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம், குசினி வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த சின்னம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன். பன்னிரண்டு வருடமாக வயிற்றுக்குள் கிடந்ததை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"சின்னம்மா, அண்டைக்கு ஆனையிறவிலை சொன்னது..."

"பல்லியில்லை" என்றார், இலை உருவுவதை நிறுத்தாமல். "நான் பழக்கினது எனக்குத் தெரியாதோ?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

"சொன்னா அத்தான் உன்னை அந்த வெய்யிலுக்கை வைச்சுத் தோலை உரிச்சிருப்பார். அவற்றை கோவம் தெரியுந்தானே. நீ என்னைப் பாத்த பார்வை... ஏழு வயசுப் பிள்ளை. எனக்கு மனம் வரேல்லை, ராசா."

அவர் இன்னும் இரண்டு மூன்று காம்பு உருவினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆனா, பொய் சொல்லப்படாது. பிறகு கனநாள் யோசிச்சுப் பாத்தனான். என்ன, ரெண்டு அடி விழுந்திருக்கும். நாலு நாளிலை ஆறியிருக்கும். சொல்லியிருக்கலாம் எண்டு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏழு வயதில் அடியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தத் தடி எவ்வளவு சுடும், தழும்பு எத்தனையாம் நாள் மறையும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒருவர் வாய் திறக்காமல் இருந்து என்னைக் காப்பாற்றியபோது அவருக்கு என்ன போயிற்று என்பதுதான் தெரியாது. அன்றைக்குக் கார் எங்கள் படலையில் வந்து நின்றதும் ஐயா இறங்கி நேரே தோட்டத்துக்குப் போனார், பூவரச மரத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். அடி விழவில்லை, ஒருவருக்கும் தெரியாது, தப்பிவிட்டேன் என்று இரவு படுக்கும்வரை முற்றம் முழுவதும் ஓடி விளையாடினேன்.